பின்வாங்கல்

'கடலோரம் பின்வாங்கட்டும்' என்று பேராசிரியர் மாசிலாமணி எழுதிய கட்டுரையைத் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் விவாதித்தன. மீனவர் ஊரைக் காலி செய்யச் சொன்ன அரசு நோட்டீசிலும் அதே 'பின்வாங்கல்' என்ற சொல். சாமான் ஏற்றிய லாரிகளை வழியனுப்ப வந்த அவரை ஊர்க்காரி பிலோமினா மறித்தாள்.

"இந்தச் சொல்லு உங்களுதுதான சார்?"

"ஆமாம்மா."

"கடலு பின்வாங்குனா திரும்பி வந்துரும். நாங்க எப்ப திரும்பி வரணும்?"

'வெளியேற்றம்' என்றால் கொதிப்பார்கள் என்றுதான் அவர் அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். உண்மையைச் சொன்னால் ஒருவரும் நகர மாட்டார்கள். ஊருக்குள் ஏறிவிடும் ஐப்பசி அலைக்கு இன்னும் பத்து நாள்தான்.

"படிச்சவருல்ல, மெதுவா யோசிக்கட்டும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வரவே முடியாதும்மா" என்றார் மாசிலாமணி.

பிலோமினா முதல் லாரிக்கு முன்னால் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி.