காகிதத்தில் இல்லாத வசனம்

இருமல் அக்கா மறுபடியும் காகிதத்தில் இல்லாததைப் பேசினாள்.

டப்பிங் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தினார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. பக்கத்தில் டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நெளிந்துகொண்டிருந்தார்.

எடுத்திருப்பது வைரஸ் படம். ஒரு காய்ச்சல் பரவி ஊரே காலியாகிவிடுகிறது. காய்ச்சல் வந்தவன் இரண்டு மணி நேரத்தில் மனிதனாகவே இருக்க மாட்டான். எதிரே வருகிறவனைக் கடித்துக் குதறிவிடுவான். இன்றைய காட்சியில் கதாநாயகன் மருந்து தேடி ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைகிறான். பதினேழு கட்டில்களிலும் நோயாளிகள் உறுமிக்கொண்டு அவன் மேல் பாய்கிறார்கள். வாசலில், தலைமுதல் கால்வரை மூடிய ஒரு நர்ஸ் கதவைப் பூட்டிவிட்டு ஓடத் தயாராக நிற்கிறாள்.

அந்தப் பதினேழு பேருக்கும் மூச்சிரைப்பும் உறுமலும் கொடுக்கத்தான் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். இருமல், விக்கல், கேவல், கடைசி மூச்சு, எதுவானாலும் டப்பிங்கில் அவளை விட்டால் ஆள் கிடையாது. முகம் திரையில் வந்ததில்லை. பெயரும் வந்ததில்லை.

உறுமல் எல்லாம் பிரமாதம். ஆனால் கேமரா முதல் கட்டிலைத் தாண்டும்போது மட்டும் தாழ்ந்த குரலில் ஒரு வரி வந்து விழுந்தது.

"மெதுவா இழு... விடு... அவ்வளவுதான். இன்னும் ஒண்ணு இழு."

"காய்ச்சல் வந்தவங்க என் படத்துல பேசவே மாட்டாங்கக்கா. கதையே அதுதான்" என்றார் டைரக்டர், அலுப்போடு.

ஒலிப்பதிவாளருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நர்ஸுக்குப் படத்தில் பேச்சு இல்லை. அவளுக்கு இரண்டு வரியைச் செருகிவிட்டால் அது தனிப் பாத்திரம். டைட்டிலில் பெயர் போட்டே ஆகவேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் பார்க்காத தந்திரமா?

மைக்கில் அதைச் சொல்லியும் விட்டார். "பேர் வேணும்னா வாயைத் திறந்து கேளுங்கக்கா. இப்படிக் கைவரிசை காட்டாதீங்க."

அக்கா ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். நாலாவது தடவையும் அதே இடத்தில் அதே வரியைச் சொன்னாள்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவளை வெளியே வரச் சொன்னார். வந்தவளை டைரக்டர்தான் உட்கார வைத்து, என்னதான் பிரச்சினை என்று கேட்டார். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நிஜக் காய்ச்சல் வந்தபோது அவளும் ஒரு வார்டில் கிடந்தாளாம். புருஷனையும் மகளையும் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. மூச்சை விற்றுப் பிழைத்தவளுக்கு ஒரு மூச்சு உள்ளே இழுப்பது பாறையைப் புரட்டுகிற வேலையாகிவிட்டது. மூன்றாம் நாள், போதும், விட்டுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. இழு என்றது. விடு என்றது. இன்னும் ஒன்று என்றது. அவள் அசந்து தூங்கினால் நின்றது, விழித்தால் ஆரம்பித்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே மூன்று நாளைத் தாண்டினாள். ஏழாம் நாள் காலையில் அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். முகமும் பார்க்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தாள். ஆயிரம் பேர் வந்துபோன இடத்தில் யாரைச் சொல்வது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அதுக்கப்புறம் மக கல்யாணத்தைப் பார்த்தேன் தம்பி. பேத்தியைத் தூக்கிட்டேன். எல்லாம் அந்தக் குரல் குடுத்தது. நன்றி சொல்லத்தான் ஆள் அகப்படலை" என்றாள் அக்கா. "படம் நாலு ஊருக்குப் போகும். எங்கேயாவது உட்கார்ந்து பார்த்தாங்கன்னா, இது நம்ம சொன்னதாச்சேன்னு தெரிஞ்சுக்குவாங்க. என் பேரெல்லாம் வேண்டாம்."

ஒலிப்பதிவாளரால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியாமல் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

டைரக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "வெச்சுக்கலாம்க்கா. நர்ஸுக்கு முகம் மூடித்தானே இருக்கு, உதடு பொருந்தணும்னுகூட இல்லை. கதவைப் பூட்டாம அவங்க திரும்பி வந்து சொல்ற மாதிரி மாத்திடறேன்."

ஒலிப்பதிவாளர் அவசரமாகத் திரும்பி, அந்த வரியை எடுத்து நர்ஸின் இடத்தில் பொருத்தப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்ஸம்மாக்களும் தெய்வம்தான் தம்பி. ஆனா இது அவங்க குரல் இல்லை. கட்டிலுக்குக் கட்டில் ஓடவே அவங்களுக்கு நேரம் சரியா இருந்துச்சு."

பிறகு திரையைக் காட்டினாள். அங்கே நிறுத்தி வைத்த காட்சியில், இரண்டாவது கட்டிலில் ஒரு கிழவி, பல்லைக் காட்டி உறுமுகிற நிலையில் அப்படியே உறைந்திருந்தாள்.

"இந்தக் கட்டில். என் பக்கத்துக் கட்டில்ல கிடந்த அம்மா. அவங்களுக்கும் அதே காய்ச்சல்தான்."

டைரக்டர் திரையையே பார்த்தார். ஒலிப்பதிவாளர், யாரும் சொல்லாமலே, அந்த ஒரு கட்டிலின் உறுமலை மட்டும் தேடி அழித்தார்.

"என்னைவிட அவங்களுக்குத்தான் தம்பி, மூச்சு கம்மி" என்றாள் அக்கா.