கரண்ட் இல்லாத நேரம்

திரையில் அந்தப் பெண் மூன்றாவது தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் யாருமே இல்லை. ஆனால் அவளுடைய காலடிச் சத்தம் நின்ற பிறகும் இன்னொரு காலடி கேட்டது.

"ஐயோ, விசரி, ஏன் நிக்கிறாய்? ஓடடி!" என்று தேவகுமாரி ரீவியைப் பார்த்துக் கத்தினாள்.

தயாளினி சிரித்தாள். புருஷனின் அக்கா பேய் நாடகம் பார்ப்பதைப் பார்ப்பதே தனி நாடகம். கண்ணைப் பொத்துவாள். விரல் இடுக்கால் பார்ப்பாள். பேய்க்கே ஏச்சு விழும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி மறுஒளிபரப்பு. செத்துப்போன ஒருவன், தன்னை விரும்பாத பெண்ணைத் தொடர்கிறான். அவள் சாப்பிட்டது, உடுத்தது, அழுதது எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பாதி வீடுகள் இதைத்தான் பயந்து பயந்து பார்த்தன.

தயாளினியின் போன் அடித்தது. சூரிச்சில் இருந்து புருஷன் கோபிசங்கர்.

"தேத்தண்ணி ஆறுது. ஏன் இன்னும் குடிக்கேல்லை நீர்?"

அவள் சுவர் மூலையில் இருந்த கமெராவைப் பார்த்தாள். கலியாணம் முடிந்து அவன் திரும்பிப் போவதற்கு முதல் நாள் பூட்டிய நான்கில் ஒன்று. மற்றவை வாசல் படலையில், குசினியில், படுக்கை அறையில். கண் மட்டுமல்ல, காதும் உள்ள கமெராக்கள்.

"குடிக்கிறன்" என்றாள். குடித்தாள். அவன் வைத்தான்.

"என்ரை தம்பியைப் போல ஆர் இருக்கினம், சொல்லு?" தேவகுமாரி கமெராவுக்குக் கை காட்டினாள். "அவ்வளவு தூரத்திலை இருந்து உனக்குத் தேத்தண்ணி ஆறாமல் பாக்கிறான். என்ரை மனிசன் பக்கத்திலை இருந்தும், நான் செத்தால்தான் திரும்பிப் பாப்பார்."

செவ்வாய்க்கிழமை கொழும்பில் விசா நேர்முகம். அது சரிவந்தால் ஆறு வாரத்தில் சூரிச்.

அங்கே கமெரா தேவைப்படாது.

அந்த நினைப்பில் தயாளினிக்கு நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. போக விருப்பமில்லை என்று யாரிடம் சொல்வது? இந்த வீட்டில் எந்த இடத்தில் நின்று சொல்வது?

திரையில் பெண் ஓடிப்போய் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டினாள். பூட்டிய அறைக்குள் இருந்தே குரல் வந்தது.

"நீ எங்க போனாலும் நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

வசனம் இந்தியத் தமிழ். தயாளினிக்கு அது யாழ்ப்பாணத் தமிழில் கேட்டது. ஒவ்வொரு இரவும் போனை வைப்பதற்கு முன்னர் கோபிசங்கர் சொல்வதும் அதுதான்.

அவள் மச்சாளைப் பார்த்தாள். தேவகுமாரி இந்த முறை கத்தவில்லை. கண்ணைப் பொத்தவும் இல்லை. திரையை விட்டுவிட்டுத் தயாளினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூட்டியை வெயிலுக்கை விட்டிட்டன். நிழலிலை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தேவகுமாரி விறாந்தைக்குப் போனாள்.

ரீவி அணைந்தது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. கமெராவின் சிவப்புப் புள்ளி செத்தது.

தேவகுமாரி உள்ளே வந்தாள். ஆள் அதேதான். குரல் வேறு.

"தயா, கெதியாச் சொல்லு. உனக்கு அங்கை போக விருப்பமோ?"

தயாளினி அணைந்த கமெராவை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"உனக்கு முன்னம் ஒருத்தி இருந்தவள். சுவிசிலை. அதை மறைச்சு உன்னைத் தம்பிக்குப் பேசிச் செய்துவைச்சது நான்தான். அவள் அவனை விட்டிட்டுப் போய் நாலு வருசத்திலை ஏழு வீடு மாறிட்டாள். இப்ப இருக்கிற வீட்டுக் கதவு நம்பரும் தம்பிக்குத் தெரியும். போன மாசம் என்னட்டைச் சொல்லிச் சிரிச்சவன்."

"மச்சாள்..."

"பாஸ்போட்டை எடு. சாவகச்சேரியிலை உன்ரை அம்மாட்டைக் கொண்டுபோய் விடுறன். பிறகு வாறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

போன் அடித்தது. தேவகுமாரியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கமெரா நாலும் நிண்டிட்டுது" என்றான் கோபிசங்கர்.

"கரண்ட் போயிட்டுது தம்பி." பழைய குரல் வந்துவிட்டது. "பேய் வாற நேரமாப் பாத்து நிண்டிட்டுதடா. எனக்கு வயிறு பத்தி எரியுது!"

அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, கரண்ட் இல்லையெண்டால் பக்கத்து வீட்டுப் பொன்னம்பலத்தாரின்ரை மோட்டர் எப்பிடி ஓடுது?"

அப்போதுதான் தயாளினிக்கும் கேட்டது. வேலிக்கு அப்பால் தண்ணீர் மோட்டர் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மச்சாளின் கையைப் பார்த்தாள். விரல் நுனிகளில், விறாந்தை மெயின் சுவிச் பெட்டியின் சிலந்தி வலை.

தேவகுமாரி அந்தக் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஒரு நாடகத்துக்கும் அவள் இப்படிப் பயந்து தயாளினி பார்த்ததில்லை.

தயாளினி போனை வாங்கினாள்.

"அது கரண்ட் மோட்டர் இல்லையப்பா. வெங்காயத் தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் மெசின் போட்டுத் தண்ணி இறைக்கினம்."

ஏழு மாதக் கலியாணத்தில் அவனுக்கு அவள் சொன்ன முதல் பொய்.

அந்தப் பக்கம் எப்போதும் போல அன்பான குரல்.

"அப்பிடியோ? நில்லும், அவருக்கு ஒருக்காப் போன் எடுத்துக் கேக்கிறன்."

வைத்துவிட்டான்.

வேலிக்கு அப்பால் ஒரு போன் அடிக்கத் தொடங்கியது.

தயாளினி அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்தாள். தன் போனை மெத்தையில் போட்டாள்.

"ஓம் தம்பி, சொல்லுங்கோ" என்று பொன்னம்பலத்தார் சொல்வது தெளிவாகக் கேட்டது.

ஸ்கூட்டியை நோக்கி ஓடிய அவள் செருப்பைத் தேடவில்லை.