உள்ளேன் ஐயா

பேராசிரியர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். அவள் ஐந்தாவது முறையாகத் திருத்திக் கொண்டுவந்த ஆய்வேடு. மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றாள்.

"மூணாவது இயலை ரெண்டாவதா மாத்தும்மா."

"போன தடவை அது ரெண்டாவதாத்தான் சார் இருந்தது. நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

"சொல்லியிருப்பேன். இப்ப படிக்கறப்ப ஒட்டலையே!"

அவளுக்குத் தலை சுற்றியது. ஜெர்மன் நாடகங்களில் வரும் வேலைக்காரப் பெண்களைப் பற்றி ஏழு வருட ஆராய்ச்சி. அந்தப் பெண்களுக்காவது எஜமானர்கள் எப்போதாவது விடுதலை கொடுத்தார்கள். இவளுடைய எஜமானரிடமிருந்து ஒரு கையெழுத்துப் பெயரவில்லை.

அந்தக் கையெழுத்து இருந்தால்தான் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க முடியும். வெளியூர்க் கல்லூரி ஒன்று அவளுக்கு வேலையை எடுத்து வைத்துக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்று வியாழன்.

மனிதர் மகா கெடுபிடி. ஜெர்மன் துறை வகுப்பில் அவள் ஒருத்திதான் என்றாலும் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் பெயரை உரக்கக் கூப்பிடுவார். அவளும் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். ஒருநாள் லீவு கேட்டால் முகம் சுண்டிப்போய்விடும்.

"அந்த நாட்டுக்காரங்களே இவ்வளவு ஜெர்மன் எழுதியிருக்க மாட்டாங்க," என்று காலையில்கூட அவள் கணவன் பொருமினான். "நீ அவரை மிஞ்சிடுவியோன்னு பயம். வேணும்னே உன்னை அமுக்கறார்."

அவள் நம்பவில்லை. இப்போது, சிவப்புப் பேனா அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தபோது, நம்பினாள்.

"போதும் சார்! எனக்குப் பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இத்தோட விட்டுடறேன். நாளையிலேர்ந்து நான் வரலை."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"உக்காரும்மா. ஒரே ஒரு இயல்தானே, ஒரு ரெண்டு மாசம்..."

"ரெண்டு மாசமா? நாளைக்கு என் வேலை போயிடும் சார்! நான் எழுதினது மோசம்னா மோசம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. இப்படி இழுத்தடிக்காதீங்க."

"யார் சொன்னா மோசம்னு? நல்லாருக்கு. நீ முதல் தடவை கொண்டுவந்தப்பவே நல்லாத்தான் இருந்தது."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏன் சார் என் வயித்துல அடிக்கறீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

அழுகையை அடக்க முடியவில்லை. துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோணிக்கொண்டது.

ஆய்வேட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவளுக்குப் பின்னால் வரிசையாகக் காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

"நீயும் போயிட்டா இந்தத் துறையையே மூடிடுவாங்கம்மா."