மான்தோல் முகம்

கணப்பில் இரும்புக் கம்பி சிவந்துகொண்டிருந்தது. ஓவியன் ருக்னுத்தீனின் கண்களுக்காகத்தான்.

ஷிராஸ் நகர ஆளுநர் அர்கூன் பேக்கின் மடியில் ஒரு கவிதைப் புத்தகத்தின் தாள்கள், இன்னும் தைக்கப்படாமல் இருந்தன. மேல் தாளில் ஓர் இளவரசி சாளரத்தோரம் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

நேற்று அந்தப்புரத்துக்குப் பார்வைக்குப் போய்வந்த தாள் அது. பேக்கின் இளைய மனைவி அதைப் பார்த்ததும் இது நான்தான் என்று பூரித்துப் போய்விட்டாள். பூரித்ததோடு நிற்காமல் கணவரிடமும் சொல்லிவிட்டாள்.

"வேத்து ஆம்பளயோட நிழல்கூட அவ மேல பட்டதில்ல. நீ எங்கய்யா பார்த்தே? எந்தச் சுவர் ஏறிப் பார்த்தே?" என்றார் பேக்.

கண் போன ஓவியனுக்கு மசூதி வாசல்தான் கதி.

ருக்னுத்தீன் இடுப்புத் துணியிலிருந்து ஒரு மான்தோல் துண்டை எடுத்தான். நிலா முகம், வில் புருவம், பிஸ்தாப் பருப்பளவு வாய். எல்லாமே ஊசித் துளைகள். தாளின் மேல் வைத்துக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் முகம் கீழே இறங்கிவிடும். பட்டறையில் எல்லா முகமும் இப்படித்தான் பிறக்கின்றன.

இளவரசியின் மேல் வைத்துக் காட்டினான். பொருந்தியது.

பக்கத்தில் நின்ற தோழிக்கும் பொருந்தியது. அடுத்த தாளில் மது ஊற்றுகிறவனுக்கும்தான்.

பேக்கின் முகம் மெல்லத் தெளிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ருக்னுத்தீன் மூச்சுவிட்டான்.

அவசரப்பட்டுவிட்டான். பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி பேக் மான்தோலைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.

அதில் சிங்காசனத்தில் ஓர் அரசன். அது சாட்சாத் பேக்கேதான். அப்படிச் சொல்லித்தான் ருக்னுத்தீன் நவ்ரோஸ் புத்தாண்டு அன்று பட்டு அங்கி வாங்கியிருந்தான். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் 'என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்' என்று பேக் காட்டிப் பெருமைப்படும் தாள்.

மான்தோல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

பேக் நிமிர்ந்து பார்த்தார். அம்மைத் தழும்புகளும் சப்பை மூக்கும் ஒருசேரக் கறுத்தன. கம்பி இன்னும் ஆறவில்லை.

"எசமான், இந்தத் தோலையே உங்களப் பார்த்துதான் குத்தினேன். இதவிட நல்ல முகத்துக்கு நான் எங்க போவேன்? அதான் எல்லாருக்கும் உங்க முகத்தையே வச்சுட்டேன்."

அந்தத் தோலைக் குத்தியவர் அவனுடைய ஆசானின் ஆசான். அப்போது பேக்கின் அப்பாவே பிறந்திருக்கவில்லை.

பேக் இளவரசியை மறுபடி கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப இவளும் நான்தானா? ஓய், இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன! அவகிட்ட நானே சொல்லிக்கிறேன், அது நீ இல்லடி, நான்னு."

கணப்பை எடுத்துப் போகச் சொன்னார். ருக்னுத்தீனுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கண்ணாலும் ஆசை தீர அழுதான்.

"இரு, இன்னும் எங்கெங்க இருக்கேன்னு பார்த்துடுவோம்."

பேக் விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டி மான்தோலை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசித் தாளில் என்ன இருக்கிறது என்பது ருக்னுத்தீனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதையின் முடிவில் அரசன், தனக்கு எதிராகச் சதி செய்த ஆளுநரின் தலையை வெட்டி, ஈட்டியில் செருகி, நகர வாசலில் நட்டுவைக்கிறான்.

வெட்டுண்ட தலைக்கென்று பட்டறையில் தனியாக ஒரு மான்தோல் கிடையாது.