மெஷின் இல்லை சார், மனுஷி!

"என்ன சார் சொல்றீங்க? நான் மனுஷியே இல்லையா?"

கோர்ட் டைப்பிஸ்ட்டின் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது. லேப்டாப் திரைக்குள் உட்கார்ந்திருந்த புரொபசர் இயர்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லலைம்மா, புரோகிராம் சொல்லுது. பரீட்சை எழுதின முந்நூறு பேர் விடைத்தாளையும் அதுல போட்டுப் பார்த்தோம். உங்க தாளை மட்டும் மெஷின் எழுதினதுன்னு அடிச்சுச் சொல்லுது. ஏஐகிட்ட கேட்டு வாங்கி அப்படியே ஒட்டிட்டீங்கன்னு கமிட்டி நினைக்குது."

அவள் இருபத்திரண்டு வருஷம் சாட்சிகள் சொன்னதையெல்லாம் டைப் அடித்துத் தள்ளியவள். பேச்சைத் தானே எழுதிக்கொள்ளும் கருவி கோர்ட்டுக்கு வரப்போகிறது, டைப்பிங் செக்‌ஷனுக்குப் பூட்டு என்று தெரிந்ததும், "எது என் வேலைக்கு உலை வைக்குதோ, அதையே படிச்சுக் காட்டறேன்" என்று நாற்பத்து மூன்று வயதில் ஆன்லைனில் கம்ப்யூட்டர் சயின்ஸும் செயற்கை நுண்ணறிவும் படிக்க உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷப் படிப்பு. பரீட்சை எழுதியாகிவிட்டது, ப்ராஜெக்ட்டும் அனுப்பியாகிவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலையும் தயார். திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். இன்று சனிக்கிழமை.

"சார், ஒரு நிமிஷம்!" கதவோரம் நின்றிருந்த கணவர் திரைக்குள் தலையை நீட்டினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "இவங்களோட பத்தொம்பது வருஷமா குடித்தனம் நடத்தறேன். மெஷின்னா எங்கேயாவது ஆஃப் பண்ற பட்டன் இருக்கணும். நானும் தேடாத இடம் இல்லை."

"நீங்க சும்மா இருக்கீங்களா?" என்று அவள் சீறினாள்.

"நீங்க பரீட்சையில டைப் அடிச்ச பதிவைப் பார்த்தா எனக்கே சந்தேகமாத்தாம்மா இருக்கு," என்றார் புரொபசர். "மூணு மணி நேரத்துல ஒரு எழுத்துகூட அழிச்சுத் திருத்தலை. அது எப்படி?"

"கோர்ட்ல ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜட்ஜ்கிட்ட கையெழுத்து வாங்கணும் சார். நாலு தடவை நீட்டினா மூஞ்சியை ஒரு மாதிரி வச்சுப்பாரு. அதுலயே அழிக்கிற பழக்கம் போயிடுச்சு. ஏதாவது படிங்க, இப்பவே அடிச்சுக் காட்டறேன்."

புரொபசர் கைக்குக் கிடைத்த புத்தகத்தைப் பிரித்து வேகமாகப் படிக்க ஆரம்பித்தார். அவள் விரல்கள் பறந்தன. கண் திரையிலும் இல்லை, கீபோர்டிலும் இல்லை. சமையலறையில் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டது. "அதை மூடுங்க!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினாள். அவர் பெரிதாக ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓடினார். புரொபசர் இன்னும் வேகமெடுத்தார். விரல்கள் நிற்கவே இல்லை.

"சரி, அடிச்சதைக் காட்டுங்க."

காட்டினாள். புள்ளி, கமா எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நாலாவது வரிக்கு வந்த புரொபசர் சத்தமாகப் படித்தார்: "'இச்சமயம் கணவருக்குக் குழாயை மூடும்படி உத்தரவிடப்பட்டது. கணவர் தும்மினார்.' என்னம்மா இது?"

"காதுல விழுந்ததை விட்டா கோர்ட்ல தப்பு சார்."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "போதும்மா, போதும்! எந்த மெஷினும் இப்படி எழுதாது. நீங்க மனுஷியேதான். கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

கணவர் விசிலடித்தபடி அவளை நாற்காலியோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததும் கோபம் வந்தது.

"இருங்க சார். என்னை மெஷின்னு சொன்ன அந்தப் புரோகிராமை எழுதினது யாரு?"

"உங்க பேட்ச்ல யாரோ அனுப்பின ப்ராஜெக்ட்தான். பாதிப் பேர் இந்த மாதிரியேதான் பண்ணியிருந்தாங்க. இருந்ததுலயே இது பிரமாதமா இருந்துச்சு. பேர் பார்க்காமத்தான் திருத்துவோம். தொண்ணூறு மார்க் குறிச்சு வச்சிருக்கேன்."

"தொண்ணூறா! ரத்தமும் சதையுமா இருக்கிற பொம்பளையை மெஷின்னு சொன்னதுக்குத் தொண்ணூறா? முட்டை போடுங்க சார்!"

"முட்டை போட்டா அவங்க கோர்ஸே ஃபெயில் ஆயிடும்மா."

"ஆகட்டும்! முதல்லேர்ந்து படிச்சுட்டு வரட்டும். வாழ்க்கையில மனுஷங்களைப் பார்த்திருந்தாத்தானே!"

"மூளையைக் கழற்றி வச்சுட்டு எழுதியிருக்கான் சார்," என்று கணவரும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார்.

"நீங்க சொல்றதும் நியாயம்தான்." புரொபசர் பேனாவை எடுத்துத் தொண்ணூறைக் கோடு போட்டு அடித்தார். "யாருன்னு பார்த்துத் தகவல் சொல்லிடலாம். முதல் பக்கத்துல நன்றியுரை இருக்கு. கேளுங்க. 'மனிதர் என்றால் அழித்து அழித்துத்தான் எழுதுவார் என்பதே இந்த ப்ராஜெக்ட்டின் அடிப்படை. ஒரு வரி அடிக்க எட்டு முறை அழிக்கும், லிஃப்ட் மெக்கானிக்கான என் அன்புக் கணவரைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தேன். அவருக்கு நன்றி.'"

கணவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் நாற்காலியைக் கேமராவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சார்," என்றாள் பவ்யமாக, "நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நான் மெஷின்தான் சார். அந்தத் தொண்ணூறையே போட்டுடுங்க."