ஏழாம் பாடம்

வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த அப்பா, கையைக்கூடக் கழுவாமல் கத்தினார்.

"அரையும் காலும் கூட்டினா எவ்வளவுன்னு தெரியாதா உனக்கு? ஏழாம் பாடத்துலயே நிக்கிறியாம், பள்ளிக்கூடத்துல இருந்து போன். அடுத்த வருசமும் இதே வகுப்புதான்!"

"முக்கால்ப்பா. தெரியும்."

"அப்புறம் ஏன்டி டேப்லெட்ல தப்புத் தப்பா அமுக்குற?"

"சரியா அமுக்கினா இந்தப் பாடம் மூடிக்கும். எட்டுல இருந்து வேற டீச்சர்."

"யாரா இருந்தா உனக்கென்ன?"

மகள் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

"தப்பு கண்ணு. பரவாயில்ல, மறுபடி சொல்றேன்..."

ஏழு பாடம் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த அவர் மனைவி, திரையில் சிரித்துக்கொண்டே ரொட்டியை நாலாக வெட்டினாள்.

கடைசியில் அதே அரையும் காலும் கேள்வி வந்தது. அப்பா கரி படிந்த விரலால் 'ஒன்றரை' என்று அமுக்கினார்.