பிலோமினா கண்ட குறைகள்

ஜெர்மனியின் பான் நகரத்துப் பள்ளிக்கூடங்களின் கொடிசுழற்றும் போட்டியில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கை நோகத் தட்டிய பிலோமினா, தன் மகள் மெலனியின் அணி மண்டபத்துக்குள் வந்ததும் குறை சொல்லத் தொடங்குகிறாள். பெற்றவளே புகழ்ந்தால் பிள்ளைக்கு நாவூறு பட்டுவிடும் அல்லவா! "முதுகு கூனுது. கொடியும் சரிஞ்சு நிக்குது," என்கிறாள், பக்கத்தில் இருக்கும் தோழி சுபானிக்குக் கேட்கும்படி. உயரச் சன்னல் வெயிலில் இருபது நீலக் கொடிகள் மேளத்துக்கு ஏற்பப் படபடக்கின்றன. தரையில் சப்பாத்துகள் கீச்சிடுகின்றன. ஒரு ஜெர்மன் தகப்பன் தோளில் வீடியோக் கமெராவோடு எழுந்து நிற்கிறார். போன வருடம் இதே இடத்தில்தான் மெலனி எறிந்த கொடி கைதவறி விழுந்தது. இப்போது மேளம் நிற்கிறது. மெலனியின் கொடி மட்டும் மேலே போய், விளக்குகளுக்குப் பக்கத்தில் இரண்டு முறை சுழல்கிறது. பிலோமினா சுபானியின் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். கொடித்தடி மகளின் உள்ளங்கையில் 'டப்' என்று வந்து அமர, மண்டபமே எழும்பிக் கைதட்டுகிறது. "இப்பவாவது நல்லாச் செய்தவள் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்கிறாள் சுபானி. பிலோமினா ஈரக் கண்ணோடு மகளைத் தலையிலிருந்து கால்வரை தேடிப் பார்க்கிறாள். "சப்பாத்து நாடா அவிண்டு கிடக்கு, பாத்தனியே?" "அது நாடா இல்லாத சப்பாத்தெல்லே அக்கா!" "அப்ப அதுவும் ஒரு குறைதானே," என்கிறாள் பிலோமினா, மகளிடமிருந்து கண்ணை எடுக்காமலே.